தொந்தி எழுத்து

அமீருதீன் செதுக்கிய எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் பொன்னேரியில் கிடையாது. பூவரசங்கட்டையில், உள்ளங்கை அகலத்துக்கு, இடவலம் மாற்றி வெட்டுவான். 'க' குனிந்து எதையோ தேடும். 'ண'வுக்கு அடுத்தடுத்துத் தொந்திகள். அந்தக் காலத்து 'லை'யின் தும்பிக்கை பக்கத்து எழுத்தின் தலையைத் தடவும். எங்கள் அச்சகத்தில் அதற்குத் தொந்தி எழுத்து என்றே பெயர். நாடகம், டூரிங் கொட்டகை நோட்டீசு எல்லாம் அதில்தான் அடிப்போம். அங்கே அச்சுக் கோக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க ஈய எழுத்தைப் பார்த்துச் சலித்த எனக்கும் அதைக் கண்டால் சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பே அவன் குடியைக் கெடுத்தது.

1955 கோடை. அவன் மனைவி குல்சும் நான்கு வயது மகள் சாயிராவோடு மெட்ராஸ் வண்டிக்காக ஸ்டேஷனில் நின்றாள். அதற்குள் வடக்கே போகும் பாசஞ்சர் வந்து நிற்க, கூட்டம் முட்டி மோதியது. பிடித்திருந்த பிஞ்சுக் கை நழுவிவிட்டது. வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் பிள்ளை இல்லை. சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் சொன்னோம். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

நோட்டீசு அடித்து ஒட்டலாம் என்று அமீருதீன் அச்சகத்துக்கு ஓடிவந்தான். தூரத்திலிருந்தே தெரிகிற எழுத்து எங்களிடம் தொந்தி எழுத்து ஒன்றுதான். 'காணவில்லை' என்று அதில் அடுக்கினேன். கீழே பொடி எழுத்தில் பெயர், வயது, பச்சைப் பாவாடை, விலாசம். மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம்வரை இருவருமாக ஒட்டினோம்.

ஜனங்கள் சிரித்தார்கள்! கும்மிடிப்பூண்டியில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஒருத்தர் வந்தார்.

"இன்னா பாய், புது நாடகமா? எந்தக் கொட்டாயில?"

"என் புள்ளயக் காணோம்யா."

"அட, வசனத்த இங்கியே சொல்லிட்டா அங்க இன்னாத்தப் பாக்கறது?"

அமீருதீன் வாய்விட்டு அழுதான். நல்லா நடிக்கிறே என்று அந்த ஆள் அவன் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அவர் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கவேண்டும். நான் பசைச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்கு நடந்தேன்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் அவன் உளியை எடுத்தான்.

"ஒருத்தனும் நம்பலண்ணே. என் எழுத்தே என்னப் பாத்துப் பல்லக் காட்டுது."

"வேணாம் அமீரு. வேற கட்டைல புதுசா வெட்டிக்கலாம்."

"அதுக்கு நாளாவும். அதுவரிக்கும் என் புள்ள இன்னா பண்ணும்?"

ஒவ்வொரு தொந்தியாகச் சீவினான். தும்பிக்கையை நறுக்கினான். வெட்டிய எழுத்தில் பிசிறு வந்தால்கூட முகம் சுருங்குகிறவன், கட்டையை முழங்காலில் வைத்து வெறிபிடித்தவனாகச் சீவினான். கடைசியில் வற்றி ஒடுங்கிய எழுத்துகள் மிஞ்சின. சாவுச் செய்திக்குத்தான் அவை லாயக்கு. அவற்றில் நோட்டீசு அடித்துக்கொண்டு அவன் மட்டும் ரயிலேறினான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குதித்து இறங்கி, பழைய நோட்டீசின்மேலேயே ஒட்டிவிட்டு மறுபடி ஏறினான்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நின்று படித்தார்கள், 'ச்சோ' கொட்டினார்கள். ஆனால் தகவலோடு ஒருவரும் வரவில்லை.

சில நாள் பொறுத்து, ஊர் ஊராக இறங்கி விசாரிப்பது என்று கிளம்பினோம். ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வாசலில், நோட்டீசு ஒட்டியிருந்த சுவருக்கு எதிரே முத்தம்மாள் என்பவள் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். நாங்கள் சுவரைப் பார்ப்பதைக் கண்டு அவளே கூப்பிட்டாள்.

"நைனா, மின்னாடி இங்க குண்டு குண்டா நோட்டீசு இருந்திச்சே, அந்த நாடகம் எப்ப வருது? அந்தக் கம்பெனிப் புள்ள ஒண்ணு இங்கியே நின்னுக்கினு இருந்திச்சு."

"எந்தப் புள்ள?" அமீருதீன் அவள் முன்னால் போய்க் குந்தினான்.

"பச்சப் பாவாட கட்டிக்கினு. அந்த நோட்டீசத் தடவித் தடவி அத்தா அத்தான்னு அழுதுச்சு. நாடகக்காரங்க வந்து கூட்டிக்கினு போவாங்கன்னு நானும் சோறு குடுத்து வெச்சிருந்தேன். ஒரு மத்தியானம் ஊட்டுக்குள்ள படுக்கவெச்சேன். எழுந்து வந்து பாத்தா, அதுமேல எவனோ வேற காயிதத்த ஒட்டிட்டுப் போயிருக்கான். புள்ள சுவரு சுவரா அதத் தேடிச்சு. அப்பறம் சந்த வண்டிங்க பின்னால போயிடுச்சாம், நான் பாக்கறதுக்குள்ள. எனக்கு இன்னா தெரியும் நைனா, நான் படிக்காதவ."

சாயிராவுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டைகளுக்கு நடுவில் தவழ்ந்து, மரச்சுருளில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள். அவளுக்கு அது எழுத்தில்லை, அவளைப் பெற்ற அத்தா.

இஞ்சின் தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் ஓடிவந்து ஒட்டிவிட்டு ஓடிய 'எவனோ', என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திடீரென்று சுவரில் பாய்ந்தான். முத்தம்மாளின் குடத்தைப் பிடுங்கித் தண்ணீரைக் கொட்டி, மேல்தாளை நகத்தால் பிராண்டினான். நல்ல பசை, அவனே காய்ச்சியது. மேல்தாளோடு அடித்தாளும் கிழிந்து கிழிந்து வந்தது. மிஞ்சியது 'ண'வின் ஒரு தொந்தி.

பொன்னேரி வண்டி வந்தது.

"வா அமீரு, ஆளுங்களக் கூட்டிக்கினு வந்து தேடலாம்" என்று தோளைத் தொட்டேன்.

"நீ போய்க் கூட்டிக்கினு வாண்ணே. அவ திரும்பி வந்தா இதத்தான தேடுவா."

நனைந்த அந்தத் துண்டு சுவரைவிட்டு வழுக்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றான்.