வாசலில் நின்று கேட்டவன்

கிளிநொச்சியில் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஆதித் திருச்சபை வரலாறு படிப்பிக்கிறவன் நான். ரோமச் சிப்பாய்கள் வீடுவீடாக வந்து வேதப் புத்தகங்களைக் கேட்டபோது, கொடுக்க மறுத்துச் செத்தவர்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும்.

போன மாரியில் இரணைமடுப் பக்கம் ஒரு மலையகத்துப் பெண்ணின் வீட்டுக்கு ஜெபிக்கப் போனோம். மகளுக்கு விடாத காய்ச்சல். ஜெபத்துக்கு முன் சாமிப் படங்களை இறக்கவைப்பது எங்கள் ஊழியத்தின் வழக்கம். சுவரில் ஒரேயொரு முருகன் படம் இருந்தது.

"அதைக் கழட்டித் தாங்கோ அம்மா, பிறகு ஜெபிப்பம்" என்றேன்.

அவள் மகளைப் பார்த்தாள். "இடம்பெயர்ந்தப்ப எல்லாத்தையும் போட்டுட்டு இதை மட்டும்தாங்க ஐயா தூக்கிட்டு வந்தேன்" என்று சொல்லி, படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தாள்.

காய்ச்சல் ஆஸ்பத்திரி மருந்தில் விட்டது. நான் அதை ஜெபத்தின் பலனென்று சபையில் சாட்சியாகச் சொன்னேன். அல்லேலூயா என்றார்கள்.

அடுத்த ஞாயிறு அதே பாடம். சிப்பாய் வாசலில் வந்து நிற்கும் இடம்வரை சொன்னேன். பாடப் புத்தகத்தை மூடிவைத்தேன். இத்தனை வருடமும் அந்தக் கதையில் நான் வீட்டுக்குள் நிற்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவன்.