ஈரக் கதவில் ஒரு பொட்டு

அலுமாரிக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிற தொழிலில் தூசியை மன்னிக்கலாம், மழையைக்கூட மன்னிக்கலாம், ஆனால் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறவர்களை மட்டும் மன்னிக்கவே முடியாது. கதவு, ஜன்னல் என்று எதற்காவது பெயின்ட் அடித்து அவதிப்பட்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பெல்மதுளையில் பளீல் நானாவும் நானும் கூட்டாகப் பட்டறை வைத்திருந்தோம். மரத்தைத் தேய்ப்பது நான், ஸ்பிரே கன் பிடிப்பது அவர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம்.

முகம் தெரியணும்

செல்லம்மா அக்கா றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். இளைய மகளுக்குச் சீராகக் கொடுக்க ஓர் அலுமாரியைக் கொண்டுவந்து இறக்கினார். மூத்தவளுக்குக் கொடுத்த கட்டிலில் ஒரு கீறல் இருந்ததாம். அதை அந்தச் சம்பந்தி வீட்டில் வருஷக்கணக்காகச் சொல்லிக்காட்டினார்களாம். இப்போது சம்பந்தம் தெரணியகலையில். இவர்கள் வாயைத் திறக்க இடமே கொடுக்கக் கூடாது என்பதில் அக்கா குறியாக இருந்தார். எந்த மாதிரிப் பளபளப்பு வேண்டும் என்று நானா கேட்டார்.

“எம்புள்ள அதுல மொகம் பாத்துப் பொட்டு வைக்கணுங்க. அம்புட்டுத்தான்.”

மழை

தேய்த்து, பள்ளங்களை அடைக்கப் புட்டி பூசி, மறுபடி தேய்த்துக் கொடுத்தேன். நானா கிரீம் நிறம் அடித்தார். மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் அடிப்பதுதான் பாக்கி. பிடித்துக்கொண்டது மழை. ஈரக் காற்றில் கிளியர் அடித்தால் வெள்ளை பூத்து, சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். கல்யாணம் நெருங்க நெருங்க, அடித்துவிடுவோம் என்று நச்சரித்தேன். மனுஷன் அசையவில்லை, ஸ்பிரே கன்னைத் துடைத்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமான் ஏற்ற லொறி வந்த காலையில்தான் வெயில் எட்டிப் பார்த்தது. நானா எழுந்தார். கை ஒரே சீராகப் போய் வந்தது. ஓர் இடத்திலும் ஒழுகல் இல்லை. பொறாமைப்படக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவசரப்படுத்த வந்த சிங்கள டிரைவர், தள்ளி நின்று அந்தக் கதவைப் பார்த்தே தலை சீவிக்கொண்டார்.

“ஷா, ஹரி லஸ்ஸனய்!” என்றார். ரொம்ப அழகாம்.

பொட்டு

நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் அக்கா கோயிலிலிருந்து நேரே வந்திருக்கிறார். புதுச் சாமானுக்குக் குங்குமம் வைக்காமல் அனுப்புவாரா? நாங்கள் திரும்பி வந்தபோது கிரீம் நிறக் கதவின் மேற்பாதியில் நடுவாக ஒரு சிவப்புப் பொட்டு, விரல் ரேகையோடு பதிந்திருந்தது. விரல் ஒட்டிய பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. “நானே கெடுத்துட்டனே” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

துடைத்தால் கதவெல்லாம் சிவப்பாகும். தேய்த்து மறுபடி அடிக்க நேரமில்லை. சுரண்டிவிடலாமா என்று கேட்டேன்.

“நல்ல காரியத்துக்கு வச்ச பொட்ட சுரண்ட ஏலுமா?” என்றார் நானா.

கிளியர் இறுகும்வரை காத்திருந்தார். பிறகு தூர நின்று, பனி விழுகிற மாதிரி லேசாக, விட்டு விட்டு அதன்மேலேயே கிளியர் அடித்தார். கொஞ்சம் அழுத்தியிருந்தால் குங்குமம் கரைந்து வழிந்திருக்கும். ஒரு துளி ஓடவில்லை. பொட்டு கண்ணாடிக்கு அடியில் இருப்பதுபோல் நின்றது.

அது காய்ந்ததும் அக்காவைக் கதவின் முன்னால் வந்து நிற்கச் சொன்னார். அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. பொட்டு சரியாக நெற்றியில் இருந்தது. அக்கா தன் உச்சந்தலையில் கையை வைத்து அளவு பார்த்தார்.

“எம்புள்ளயும் என் ஒசரந்தானுங்க நானா.”

பிறகு தெரணியகலையிலிருந்து அதே மாதிரிப் பொட்டு வைத்த அலுமாரி கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்ததால், ஈரப் பெயின்டைத் தொட வருகிறவர்களை நான் கொஞ்சம் மரியாதையாகவே விரட்டப் பழகிக்கொண்டேன்.