சரியா, சேதமா?

சோப்பு நுரையைக் குழாயின் மேல் தடவிவிட்டு, வழியில் நிறுத்திய லாரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார் டிரைவர். நுரை எங்கே கொப்பளிக்கிறதோ அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். "ஊதுது பாருங்க," என்கிறார், வண்டியில் கூட வந்த என்னிடம். அடுத்த நொடியே, "இல்ல, ஊதலையோ?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

டிப்போவில் அவருக்குச் 'சந்தேகம்' என்று பெயர். வயது ஐம்பத்திரண்டு, அதில் இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்தே போயிருக்கிறது. டீ குடித்துவிட்டு, குடித்தோமா என்று டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பார். ஆனால் வழியில் வண்டி மக்கர் பண்ணினால் கை மட்டும் குழம்பாது. பியூஸ், பல்பு, அறுந்த பெல்ட், ஆடும் மட்கார்டு எல்லாம் சாலையோரத்திலேயே முடிந்துவிடும். சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே கம்பி, கிளிப், பழைய டியூப்பில் வெட்டிய ரப்பர் பட்டை.

குழப்பமெல்லாம் பேப்பரில்தான். திரும்பி வந்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'சேதம்' என்று ஒரு கட்டம், 'சரி செய்யப்பட்டது' என்று ஒரு கட்டம். ஒன்றில்தான் டிக் போடலாம்.

"கட்டு போட்டிருக்கேன். ஓடும். ஆனா சரியில்ல. இதுக்கு எந்தக் கட்டம்மா?"

அலுவலகத்துப் பெண்ணுக்குத் தலைக்கு மேல் வேலை. "ஓடுதுல்ல அண்ணே, சரின்னே போடுங்க."

போன மாதம் அப்படித்தான் போட்டார். பிரேக்குக்குக் காற்று போகும் குழாயில் ஒரு கீறல். ரப்பர் பட்டையைச் சுற்றி, கிளிப்பை முறுக்கி, ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து நிறுத்தினார். மறுநாள் அவருக்கு விடுப்பு. காலையில் மச்சான் போன் பண்ணினார். மனைவியின் தம்பி, அதே கம்பெனியில் டிரைவர்.

"மாமா, இன்னிக்கு உங்க வண்டியத்தான் எனக்குக் குடுத்திருக்காங்க. டீசல் போட நிக்கிறேன். இனி மலை ரோடுதான்."

"குழாய மாத்திட்டாங்களா?"

"எந்தக் குழாய்? பேப்பர்ல சரின்னுதான இருக்கு. நீங்கதான டிக் போட்டீங்க?"

"நானா?" என்றார் இவர். பிறகு, "ஏறாத. கீழ குனிஞ்சு பாரு," என்றார்.

மச்சான் குனிந்து பார்த்தார். கிளிப் நழுவி, பட்டை பாதி பிரிந்து, காற்று சீறிக்கொண்டிருந்தது.

யாரும் இவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் புரியவில்லை. "தப்பு கட்டுலயா, டிக்குலயா, எம் மேலயா? யாராச்சும் சொன்னாத் தேவலை," என்று பார்ப்பவர்களையெல்லாம் கேட்டார். மனைவி, "தம்பிதான் முழுசா வந்துட்டானே, விடுங்க," என்றாள். "அவன் வந்துட்டான். நான்தான் இன்னும் வந்து சேரல," என்றார்.

இன்று குழாய் வேறு, வண்டி வேறு. கட்டுப் போட்டு டிப்போவுக்கு வந்து சேர்ந்தோம். படிவத்தின் முன்னால் பேனாவோடு நிற்கிறார். 'சேதம்' என்ற இடத்தில் டிக் போடுகிறார், யோசிக்கிறார், இன்னொன்றிலும் போடுகிறார்.

"ரெண்டுலயும் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது அண்ணே."

"அப்படியா?" என்று உண்மையாகவே வருத்தப்படுகிறார். "ஆனா ரெண்டும் நெசம்தானம்மா."

அந்தப் பெண் படிவத்துக்கும் சாவிக்குமாகக் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறாள். அவர் படிவத்தை மட்டும் அதில் வைத்துவிட்டு, லாரிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறார்.