சேம்பர் உடைந்தால் டாக்டரிடம் போகாதீர்கள்

கொல்கத்தாவிலிருந்து சாந்திநிகேதனுக்குக் காரில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். ஜாதவ்பூரில் எங்கள் வீட்டிலிருந்து சுமார் நூற்று எழுபது கிலோமீட்டர், நான்கு மணி நேரம். மாலை நான்கு மணிக்கு அங்கே என் மனைவி மங்கையின் வீணைக் கச்சேரி. பதினோரு வருடங்களுக்குப் பிறகு அவள் ஏறப்போகும் முதல் மேடை. மத்திய அரசு வேலையில் நான் நான்கு ஊர் மாறியதில் அவள் வாசிப்பு வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போயிருந்தது. ரயிலில் போய்விடலாம் என்றாள். சொந்த வண்டி வாசலில் நிற்கும்போது ரயில் எதற்கு என்று கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

காலை 5.50க்குக் கிளம்பி, நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று முதலில் காளிகாட்டுக்கு விட்டேன். கும்பிட்டுவிட்டு 7.05க்கு ஒரு சந்தில் திரும்பினால் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். வேகத்தடை. வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது, ஒரு சாண் உயரத்துக்கு சிமெண்டைக் குழைத்து அப்பி வைத்திருக்கிறார்கள். யார் போட்டது என்று கேட்டால் அந்தச் சந்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தானாக முளைத்திருக்கும் போல.

டாஷ்போர்டில் எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே இன்ஜினை அணைத்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பின்னால் சாலையில் கருப்பாக ஒரு கோடு. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தட்டு விரிசல் விட்டிருந்தது. திருச்சியில் என் மெக்கானிக் அதை சேம்பர் என்பார். இங்கும் மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்கிறார்கள். மற்றவர்கள் சொல்வதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மங்கையை வீணையோடு வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் இருந்த ஒரு பெரியவரிடம் போய் என் அரைகுறை வங்க மொழியில், "தாதா, சேம்பார் ஃபேட்டே கேச்சே" என்றேன். அண்ணா, சேம்பர் உடைந்துவிட்டது என்று சொன்னதாக என் நினைப்பு. இந்த ஊரில் சேம்பர் என்றால் டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் இடம். மண்டை உடைந்தாலும் 'ஃபேட்டே கேச்சே'தான். அவர் காதில் டாக்டரும் மண்டையும்தான் விழுந்திருக்கிறது. என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். "பக்கத்துலதான் இருக்கு, பேசாம வாங்க, படபடப்பு கூடாது" என்றார். போய் நின்றது ஒரு டாக்டர் வாசலில். அங்கே கம்பவுண்டர் பதினோராம் நம்பர் டோக்கனைக் கையில் திணித்து, "எங்க உடைஞ்சுது?" என்று கேட்டார். "அடியில" என்றேன். அவர் என் பேண்ட்டைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. விளங்கவைத்து வெளியே வர நாற்பது நிமிடம் போய்விட்டது. உதவ வந்தவரைத் திட்டவும் முடியவில்லை.

கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால், "செவ்வாய்க்கிழமை ஸ்லாட் இருக்கு சார், வண்டியை இழுக்க ஆள் வர மூணு மணி நேரம் ஆகும்" என்று தேனொழுகப் பேசினார்கள். வைத்த அடுத்த நிமிடம், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று மெசேஜ். இவர்கள் சேவைக்கு நான் வானத்தைத்தான் கொடுக்கவேண்டும்.

கடைசியில் டீக்கடைக்காரர்தான் பாபி என்ற மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டார். அவர் கயிறு கட்டி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் பட்டறைக்கு இழுத்துப்போனார். உதிரி பாகக் கடை திறந்ததே பத்தரைக்கு. 11.15க்குப் புதுத் தட்டு கைக்கு வந்தது, விலை 2,650 ரூபாய்.

"பழைய பசையைச் சுரண்டிட்டு, புதுசு தடவி மாட்டுறேன். ரெண்டு மணி நேரம் காயணும். அப்புறம்தான் ஆயில்" என்றார் பாபி, இந்தியில்.

"அரை மணி போதாதா?"

"ஆயில் இன்ஜின்ல இருக்கணுமா ரோட்டுல இருக்கணுமா, நீங்களே சொல்லுங்க தாதா."

நான் கத்த ஆரம்பித்தேன். வேகத்தடை போட்டவன், சர்வீஸ் சென்டர், இந்த நாட்டுச் சாலைகள், எல்லாவற்றையும் பிடித்து அந்த மனிதர்மேல் இறக்கினேன். அவர் பாட்டுக்குச் சுரண்டிக்கொண்டிருந்தார். மங்கை வீணையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"பதினோரு வருஷம் உங்க டிரான்ஸ்ஃபருக்குக் காத்துக் கெடந்தாச்சு. இந்தப் பசை காயறதுக்கும் நான் காத்துக் கெடக்கணுமாங்க?"

செல்போனில் ஏற்கனவே டாக்ஸி போட்டிருந்தாள், 3,900 ரூபாய். வண்டியை இப்படியே விட்டுவிட்டு எப்படி வருவது என்றேன். "நீங்க வண்டியைப் பாருங்க" என்று ஏறிக்கொண்டாள். நானும் ஏறியிருக்கவேண்டும். சாவி பாபியிடம் இருந்தது, ஆள் நல்லவர், ஒரு காரணமும் இல்லை. ஏறவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆயில் விளக்கு எரிந்தால் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள், தட்டோடு போகவேண்டியது இன்ஜினையும் கொண்டுபோய்விடும். மெக்கானிக்கைத் தேடும்போது சேம்பர் என்ற வார்த்தையை வாயில் எடுக்காதீர்கள், 'காடி காராப்' என்றால் போதும், வண்டி கெட்டுவிட்டது என்று புரிந்துகொள்வார்கள். ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 2,600 ஆனது, அது நியாயம்தான். பசை காய விடுங்கள். குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டியவர்கள் ஹவுராவில் காலை ரயிலைப் பிடியுங்கள், சாந்திநிகேதனுக்கு இறங்கவேண்டிய போல்பூருக்கு இரண்டரை மணி நேரம்தான்.

நான் 2.10க்குக் கிளம்பி 6.25க்குப் போய்ச் சேர்ந்தேன். நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏற்பாடு செய்த அம்மாள் மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதம் சிலிகுரியில் வாசிக்க வர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யார் எதற்குக் கூப்பிட்டாலும் 'அவரைக் கேட்டுச் சொல்றேன்' என்பதுதான் இத்தனை வருடமும் அவள் பதில். அன்றைக்கு நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். என் பக்கம் திரும்பாமலே, வருகிறேன் என்றாள்.