முகம் கொடுக்காதவர்

பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியில் நான் எழுதிய ஒரு வாக்கியம் இன்றும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது: "எதிர் வேட்பாளருக்கு முகம் கொடுக்காமல் அவர் ஆவேசமாகப் பேசினார்." பார்த்ததைத்தான் எழுதினேன். கூடுதலாக எதுவும் சேர்க்கவில்லை.

விருத்தாசலத்தில் நகராட்சித் தேர்தல் நேரம். எங்கள் வார்டில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து வந்துகொண்டிருந்தது. குடியிருப்போர் சங்கத்தார், போட்டியில் இருந்த இருவரையும் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, மாற்றி மாற்றிப் பேசச் சொன்னார்கள். உள்ளூர் கேபிள்காரர்கள் படம் பிடித்தார்கள்.

ஒருவர் மருந்துக் கடை வைத்திருப்பவர். காய்ச்சல்காரர்களிடம் பேசிப் பேசி அவருக்குக் குரலே தணிந்துபோயிருந்தது. மற்றவர் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண். ஃபியூஸ் கட்டைகளைச் சூளைக்கு அனுப்பும் முன் பிசிறு நீக்குவது அவர் வேலை. குழாயில் வந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு வருஷம் நடந்தவர். அவர் ஜெயித்தால் குழாய் மாறும் என்று அவருடைய தெருக்காரர்கள் நம்பினார்கள். அவர்கள் சொல்லித்தான் நின்றார்.

மேடையில் அவருக்கு இடது பக்கம் மருந்துக் கடைக்காரர். அவர் பேசும்போதெல்லாம் இந்த அம்மாள் மோவாயைத் தூக்கி, எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, கொழாய மாத்தணும்னா ரோட்டத் தோண்டணும். மாசக்கணக்கா நடக்க முடியாது. ஜனங்க ஒத்துக்குவாங்களா, நீங்களே சொல்லுங்க" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"என்னா?" என்றார் இவர். மைக் தேவைப்படாத சத்தம்.

கூட்டம் சிரித்தது. மருந்துக் கடைக்காரர் புன்னகையோடு, இன்னும் தணிந்த குரலில், அதையே திரும்பச் சொன்னார்.

"ரோடா பெருசு? புள்ளைங்களுக்கு வவுத்தால போவுது, நீங்க ரோடு ரோடுங்கிறீங்க!"

பதில் சரியான பதில். ஆனால் கேட்டவர்கள் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டார்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் அந்த "என்னா?" மட்டும் செல்போன் செல்போனாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஓட்டுக் கேக்க வந்துச்சா, சண்டைக்கு வந்துச்சா?"

"மூஞ்சத் திருப்பிக்கினு ஒக்காந்திருக்குது பாரு. கவுன்சிலர் ஆவறதுக்கு முன்னாடியே இந்த ராங்கி."

"அவரு தங்கமான மனுசன்யா. ஒரு வார்த்த அதட்டல."

"என்னா பேசுனாரு?"

"அது எங்க ஞாபகம் இருக்குது? தன்மையாப் பேசுனாரு."

பெஞ்சில் என் செய்தி வந்த பக்கம் விரித்துக் கிடந்தது. ஒருவர் என் வாக்கியத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, அந்த அம்மாள் வேலை பார்க்கும் ஷெட்டைப் படம் எடுக்கப் போனேன். அவர் ஓட்டுக் கேட்கப் போயிருந்தார். அவர் மேஜைக்கு வலது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் பால் மில் ஓடிக்கொண்டிருந்தது. களிமண்ணையும் கல்தூளையும் கூழாங்கற்களோடு போட்டு அரைக்கும் இரும்பு உருளை அது. இந்த ஊருக்கு வந்த புதிதில், பால் மில் ஓடாததால் வேலை இல்லை என்று ஒருவர் சொன்னதற்கு, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வரும் என்று கேட்டவன் நான். அதன் பக்கத்தில் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அடுத்த மேஜைக்காரப் பெண்ணிடம் ஏதோ கேட்டேன். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். செய்தியால் வந்த கோபம் என்று நினைத்து விலகினேன்.

"எங்க போறீங்க? சொல்லுங்க சார், இந்தக் காதுல சொல்லுங்க!" என்று கத்தினார்.

அந்த ஷெட்டில் எல்லோரும் அப்படித்தான். நல்ல காதைப் பேசுகிறவர் பக்கம் நீட்டுவார்கள். முகம் தானாக மறுபக்கம் போய்விடும்.

"மொகம் குடுக்கலன்னு எழுதுனது நீங்கதான? அக்காவுக்கு வலது காது செத்து வருசமாவுது. அது காது குடுத்துச்சு சார். நீங்கல்லாம் மொகத்தப் பாத்துக்கினு இருந்தீங்க."

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். துண்டுப் பிரசுரங்களைத் தெருவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். அதை அவர் கவனித்தார்.

"ஷெட்டுக்குப் போயிருந்தீங்களாக்கும்."

"தப்பா எழுதிட்டேங்க. காது விஷயத்தைச் சொல்லி நாளைக்கே திருத்தி எழுதிடறேன்."

"எழுதாதீங்க."

"ராங்கிக்காரின்னு பேசறாங்களே."

"பேசட்டும். ராங்கிக்காரிக்குக்கூட நாலு பேரு ஓட்டுப் போடுவாங்க. காது கேக்காதவகிட்ட யாரு சார் கொறையச் சொல்ல வருவாங்க? டமாரம்னு பேரு வெச்சிட்டுப் போயிடுவாங்க."

காதைச் சொல்லாமல் அந்த வாக்கியத்தைத் திருத்த வழி இல்லை. வெறுமனே வருந்துகிறோம் என்று போட்டால், எதற்கு என்று ஊர் கேட்கும். அவர் சொன்னபடி எழுதாமல் இருந்தேன். மிச்சமிருந்த நாட்களில் அவர் வீடு வீடாகப் போனார். வாசலில் நின்றவர்கள் மெதுவாகப் பேசினார்கள். அவர் முகத்தைத் திருப்பிக் கேட்டார்.

தோற்றுப்போனார். கொஞ்ச ஓட்டில்தான். என் வாக்கியத்தால் எத்தனை ஓட்டு போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மருந்துக் கடைக்காரர் நன்றி சொல்ல எங்கள் தெருவுக்கு வந்தார். குழாயைப் பற்றிக் கேட்டபோது, ஆவன செய்வதாகத் தன்மையாகச் சொன்னார்.

அடுத்த கோடையில் ஒரு நாள், அவர்கள் தெருவில் தண்ணீர் லாரி நின்றது. குழாய் இன்னும் மாறவில்லை. வரிசையில் அவர் இரண்டு குடங்களோடு இருந்தார். நான் சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். லாரியின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அவர் என்னிடம் ஏதோ சொன்னார். அவ்வளவு தணிந்து அவர் பேசி நான் பார்த்ததில்லை. வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்கும் கேட்கவில்லை. காதை அவர் பக்கம் திருப்பினேன். என் முகம் லாரிப் பக்கம் போனது.

"இப்ப எழுதிக்குங்கன்னேன் சார். இனிமே நான் நிக்கப் போறதில்ல."

வரிசை நகர்ந்தது. குடத்தைக் காலால் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.