உப்புக் குதிரை

சிறுவயதில் நான் உயிராய் நேசித்த மாயக்கதைத் தொடரை டிவிக்காக எடுத்திருக்கிறார்கள். நேற்று ஊரப்பாக்கம் வீட்டில் பார்த்தேன். உப்பளத்தில் பிறந்த உப்புக் குதிரைக்குச் சோப்பு விளம்பரப் பளபளப்பு. போதாததற்குக் கடைசியில் மழையில் நிறுத்திக் கரைத்தே கொன்றுவிட்டார்கள். அதற்கொரு பாட்டு வேறு.

செங்கல்பட்டில் இருந்தபோது, வாரப் பத்திரிகையில் வந்த அந்தக் கதையை அக்கா கிழித்துச் சேர்த்துப் பாகம் பாகமாக பைண்ட் செய்வாள். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. எட்டு வயதில் நான் டைபாய்டில் கிடந்தபோது கடைசி அத்தியாயம் மட்டும் காணாமல் போனது.

"பின்பக்கம் மீன் கொழம்பு செய்முறை இருந்துச்சுன்னு எதிர்வூட்டம்மா கிழிச்சிகினு பூட்டாங்கடா. மழை வந்ததும் குதிரை மகாபலிபுரத்துக் குகைக்குள்ள பூந்துக்கிச்சு. அவ்ளோதான் கதை," என்றாள் அக்கா.

உடம்பு தேறியதும் மகாபலிபுரத்தில் ஒரு குகைச் சுவரை நக்கிப் பார்த்தேன். கரித்தது. நம்பிவிட்டேன். எதிர்வீட்டம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பிய மீன் குழம்பையெல்லாம் சாக்கடையில் கொட்டினேன்.

நேற்று டிவியை அணைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"குதிரையைக் கொன்னுட்டானுங்கக்கா, பாவிங்க!"

அக்கா அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"கதையிலயே அது செத்துத்தான்டா போச்சு. நீ கெடந்த கெடைல அத எப்படிப் படிக்கக் குடுக்கறது? நான்தான் கிழிச்சு அடுப்புல போட்டேன்."

எதிர்வீட்டம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம், "கொழம்பு நல்லா இருந்துச்சா கண்ணு?" என்று கேட்பார்.