எங்கள் தெருவில் அடிக்காத வாடை

கல்யாணமாகி ஆரணியிலிருந்து திருவொற்றியூருக்கு வந்த மறுநாள் காலை, அழுகிய முட்டை வாடையில்தான் கண் விழித்தேன். மாமியாரிடம் கேட்டேன்.

"இன்னா நாத்தம்? ஒண்ணியும் இல்லியே. ஒனக்கு சளி புட்ச்சிகினு கீது."

எதிர்வீட்டு அக்காவும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு தெருவே கூடி நிற்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

ஆனால் நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறவர்களை மாலையில்தான் வரச் சொன்னார்கள். காலையில் கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் மணலிப் பக்கமிருந்து காற்று வரும். மதியத்துக்குமேல் கடல் காற்று திரும்பிவிடும். எல்லா வீட்டிலும் அதே வழக்கம்தான். மாடியை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களுக்கும் மாலைதான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்காமல் கேசரி கிளறினேன். வெளியே தெரிந்தால் அந்தத் தெருவில் யார் வீட்டுக்கு வரன் வரும்?

அப்புறம் எப்போதோ வாடை நின்றுவிட்டது. கம்பெனிக்காரர்கள் ஏதோ சரிசெய்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

மகளுக்கு மூன்று வயதில் இளைப்பு வந்தது. மூச்சு விட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். வீட்டுப் பக்கம் கெமிக்கல் வாடை ஏதாவது வருமா என்று டாக்டர் கேட்டார்.

"முன்ன வந்துது சார். இப்ப இல்ல" என்றேன்.

பக்கத்தில் இருந்த மாமியார், எப்போதுமே வந்ததில்லை என்று என்னைத் திருத்தினார். தூசியாக இருக்கும் என்று டாக்டர் மருந்து எழுதினார். மருந்து கேட்கவில்லை.

போன வாரம் மகளை ஆரணிக்குக் கூட்டி வந்தேன். இரண்டு நாளில் இளைப்பு அடங்கிவிட்டது. துவைத்துக் கொண்டுவந்த துணிகளைப் பையிலிருந்து எடுத்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னாடி இது, கூமுட்டை மாதிரி நாறுது? உன் தலைமுடியில கூட அடிக்குது."

மகளின் கவுனை முகத்தில் அழுத்தி மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. இன்னொரு முறை மோந்தேன். அதேதான். எதிர்வீட்டு அக்கா அன்றைக்குப் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் வீட்டுக்காரருக்கு வேலை அங்கே. வீடு அங்கே. நாளைக்குத் திரும்பிப் போக வேண்டும். மகள் என் மடியில் சத்தமில்லாமல் தூங்குகிறாள். பயமாக இருக்கிறது. அங்கே காற்று கெட்டால் என் மூக்கு எனக்குச் சொல்லாது. இவள் நெஞ்சு சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.